நாணற்பெட்டியும் கண்ணாடிப்பெட்டியும்

வேதபாடம்
தியானப் பகுதி: யாத்திராகமம் 2:1–10



கோம்பை என்றதும் வெளியூரார் பலருக்கு அந்த ஊரின் பெயரைத் தாங்கிய வேட்டை நாய்தான் நினைவுக்கு வரும். எனக்கோ இப்போது ஒரு வீட்டுக் கதவுதான் நினைவுக்கு வருகிறது. இராமக்கல்மேட்டுக் காற்று இறங்கி வரும் ஒரு தெருவில் உள்ள நீலக் கதவு அது. அதில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சாக்பீஸால் தினமும் ஓர் எண்ணை எழுதி வந்தாள். 1320, 1290, 1250, 1225, 1210. எண் குறைந்துகொண்டே போனபோது தெருவே கவலைப்பட்டது. அது நம் மருத்துவமனையில் கண்ணாடிப்பெட்டிக்குள் கிடந்த அவளுடைய தங்கையின் எடை, கிராம் கணக்கில்.

இந்தக் குடும்பத்தின் 41 நாட்களை அவர்களுடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அந்த நாட்களில் நாங்கள் சேர்ந்து வாசித்த வேதபகுதியே இம்மாதப் பாடம்.

1. விசுவாசம் பெட்டி செய்கிறது

தகப்பன் ஜீப் ஓட்டுநர். விடியுமுன்பே எழுந்து, ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலையேறுகிறவர். தாயும் கர்ப்பமாகும்வரை அதே ஜீப்பில் காய் பறிக்கப் போனவர்தான். 31ஆம் வாரத்தில், ஒரு மாலை நேரத்தில், திடீரென்று வலி கண்டது. இரவு குழந்தை பிறந்தது. நுரையீரல் முதிராததால் ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு உள்வாங்கியது. மூக்கு வழியாக அழுத்தத்துடன் காற்றுக் கொடுத்து, கண்ணாடிப்பெட்டிக்குள் வைத்தார்கள்.

மறுநாள் காலை தாயின் கட்டிலருகே போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி இது: "ஐயா, நான் ஜெபத்துல குறை வச்சுட்டேனா?"

அந்தக் கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல தாய்மார்களிடம் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதிலாக அன்று யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தோம்.

மோசேயின் தாய் என்ன செய்தாள்? மூன்று மாதம் பிள்ளையை ஒளித்து வைத்தாள். இனி முடியாது என்றபோது நாணலால் ஒரு பெட்டி முடைந்தாள். தண்ணீர் புகாதபடி கீலும் பிசினும் பூசினாள். அதற்குப் பிறகுதான் பிள்ளையை அதில் கிடத்தி நதியோரத்தில் வைத்தாள். எபிரெயர் 11:23 இந்தப் பெற்றோரின் செயலை விசுவாசம் என்றே அழைக்கிறது. அவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்ததை அல்ல, பிள்ளையைக் காக்க எடுத்த முயற்சியைத்தான் வேதம் அப்படி அழைக்கிறது.

மதுரை அரசரடியில் இறையியல் படித்த நாட்களில் எங்கள் எபிரெய வகுப்பில் கற்ற ஒரு சிறு செய்தி உண்டு. மோசேயின் நாணற்பெட்டிக்கு மூலமொழியில் உள்ள சொல் 'தேபா'. அதே சொல் பழைய ஏற்பாட்டில் இன்னும் ஒன்றுக்கு மட்டுமே வருகிறது. அது நோவாவின் பேழை. ஒன்று ஒரு குடும்பத்தையும் சகல ஜீவராசிகளையும் கொள்ளும் அளவு பெரியது. மற்றது மூன்று மாதக் குழந்தைக்குப் போதுமான அளவு சிறியது. இரண்டுமே மனிதக் கைகள் செய்தவை, இரண்டுக்கும் கீல் பூசப்பட்டது, இரண்டையும் காத்தவர் தேவன்.

அந்தத் தாயிடம் கண்ணாடிப்பெட்டியைக் காட்டிச் சொன்னேன்: "அம்மா, இதுவும் ஒரு நாணற்பெட்டிதான். உங்கள் ஜெபம் குறைவுபட்டதால் பிள்ளை இதற்குள் போகவில்லை. ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிற வழிகளில் இதுவும் ஒன்று."

2. மூன்று கதவு தட்டல்கள்

நம் நாட்டு மருத்துவ ஊழிய வரலாற்றிலேயே இதற்கொரு சாட்சி உண்டு. 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் மருத்துவ மிஷனரி ஒருவரின் இளம் மகள் ஐடா ஸ்கடர், தாயின் சுகவீனத்துக்காக வந்து தங்கியிருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் அவதிப்பட்டார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் வேறொரு இந்துக் குடும்பத்தார். ஆண் மருத்துவர் வந்து பார்ப்பதை அவர்களுடைய வழக்கம் அனுமதிக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படித்தவர் அல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த மூன்று வீடுகளிலும் வேண்டுதல் இல்லாமல் இருந்திருக்குமா? பாசம் இல்லாமல் இருந்திருக்குமா? இல்லாமற்போனது பயிற்சி பெற்ற ஒரு கை. ஐடா ஸ்கடர் அந்த இரவைத் தேவ அழைப்பாக ஏற்று, மருத்துவம் படித்து 1900இல் திரும்பி வந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அப்படித்தான் வேர்பிடித்தது.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரம் பெரிது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 13. அவற்றில் 9 குழந்தைகள் பிறந்த 28 நாட்களுக்குள் இறந்தவை. ஆகவே மிகவும் ஆபத்தான காலம் முதல் மாதமே. பெட்டி தேவைப்படுகிற மாதமும் அதுதான்.

3. ஒன்பதாம் நாள்

ஒன்பதாம் நாள் காலை குழந்தைக்கு இரண்டு முறை மூச்சு நின்றது. நர்சுகள் பாதத்தைத் தட்டி மூச்சை வரவழைத்தார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையின் மூச்சுக் கட்டுப்பாடு முதிராததால் இப்படி நேரும். அன்று மாலை கோம்பையிலிருந்து அப்பத்தாவும் உறவினர் ஒருவரும் வந்தார்கள்.

"ஐயா, புள்ளைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிர்றோம்" என்றார் அப்பத்தா. "எத்தன நாளைக்கு இந்தப் பெட்டிக்குள்ள போட்டு வதைக்கிறது? காசும் கரையுது. ரெண்டாவதும் பொம்பளப்புள்ள. ஆண்டவர் சித்தப்படி நடக்கட்டும்."

கூட வந்தவர் ஒருபடி மேலே போனார். மிஷினை நம்புகிறவர்கள் ஆண்டவரை நம்பவில்லை என்றார்.

அன்பர்களே, 'ஆண்டவர் சித்தம்' என்ற வார்த்தை பரிசுத்தமானது. ஆனால் நாம் ஒரு பிள்ளையைக் கைவிடும்போது அந்தக் குற்றத்தை ஆண்டவர்மேல் சுமத்துவதற்கும் அதே வார்த்தை பயன்பட்டுவிடுகிறது. பார்வோன் ஆண்பிள்ளைகளைக் கொல்லவும் பெண்பிள்ளைகளை விட்டுவைக்கவும் கட்டளையிட்டான். நம் பகுதியில் அந்தக் கட்டளை தலைகீழாக நடந்த காலத்தை நாம் மறக்கலாகாது. பெண்சிசுக்களைக் காக்கவென்றே 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. பிற்பாடு நம் தேனி மாவட்டத்துக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது.

யாத்திராகமம் முதல் அதிகாரத்தைக் கவனியுங்கள். அங்கே பார்வோனின் பெயர் எழுதப்படவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றிய இரண்டு மருத்துவச்சிகளின் பெயர்கள், சிப்பிராள், பூவாள் என்று, எழுதப்பட்டிருக்கின்றன. தேவன் யாரை நினைவில் வைக்கிறார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இதை நான் சொல்லத் தொடங்குமுன், தகப்பன் பேசினார். அதிகம் பேசாத மனிதர்.

"ஆத்தா, ஏலக்கா ஸ்டோருல பாத்திருக்கேல்ல? பச்சக் காய உள்ள அடுக்கிட்டா ராப்பகலா சூட்டப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. நடுவுல கதவத் தொறந்து காய வெளிய அள்ளுனா என்னாகும்?"

"நிறம் போயிரும். ஒண்ணுக்கும் ஆகாது" என்றார் அப்பத்தா, தன்னையறியாமல்.

"காய்க்கே அம்புட்டுப் பக்குவம் வேணும்னா, இது என் புள்ள ஆத்தா."

அப்பத்தா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இருக்கட்டும்" என்றார். நான் தயாரித்து வைத்திருந்த பிரசங்கத்துக்குத் தேவை ஏற்படவில்லை.

பணக் கவலையை நாம் அற்பமாக எண்ணக்கூடாது. அன்றிரவு குடும்பத்தாருடன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்ற விரும்பினாலும் தடையில்லை என்று மருத்துவர் விளக்கினார். அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கு இலவச சிகிச்சை அளிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. வழியில் 108 ஆம்புலன்ஸ் உண்டு. வீட்டுக்குத் தூக்கிப் போவது மட்டுமே வேறு வழி என்று எந்தக் குடும்பமும் நினைக்க வேண்டியதில்லை. இந்தக் குடும்பம் நம்மிடமே தங்கியது. கட்டணத்தில் ஒரு பகுதியை உங்கள் காணிக்கைகள் தாங்கின.

4. தகப்பனின் மார்பு

குழந்தையின் நிலை சற்றுத் தேறிய பதினோராம் நாளில் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார்கள். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல், துணியில்லாத குழந்தையை, தொப்பியும் இடைத்துணியும் மட்டும் அணிவித்து, பெற்றவரின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்து, துணியால் சுற்றிக் கட்டுவதே இம்முறை.

இது 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கியது. அங்கே ஒரு பொதுமருத்துவமனையில் பெட்டிகள் போதவில்லை. குழந்தைகளை நெருக்கி வைத்ததால் தொற்று பரவியது. மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, தாயின் உடற்சூட்டையே பெட்டியாக்கினார். ஏழைகளின் வழி என்று கருதப்பட்டது, பின்னர் உலகத்துக்கே பாடமாயிற்று. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள குழந்தைகளைப் பிறந்த உடனே இவ்வாறு அணைத்து வைத்தபோது 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 12 பேர். உடல்நிலை சீரான பிறகே தொடங்கிய பிரிவில் ஏறத்தாழ 16 பேர். 2022இல் உலக சுகாதார நிறுவனமும், இயன்றவரை பிறந்தவுடனே இதைத் தொடங்கும்படி பரிந்துரைத்தது.

பகலில் தாயும் அம்மாச்சியும் மாறி மாறிச் சுமந்தார்கள். ஒருநாள் நர்சு தகப்பனைப் பார்த்து, "அண்ணே, சட்டையைக் கழற்றுங்க" என்றார். அவர் வெட்கப்பட்டுச் சுவரோரம் ஒதுங்கினார். "ஆம்பளைக்கும் உடம்புச் சூடு ஒண்ணுதான்" என்று நர்சு விடவில்லை. மலைப்பாதையில் ஸ்டியரிங் பிடித்த அந்தப் பெரிய கைகள், 1300 கிராம் பிள்ளையைப் பிடிக்க நடுங்கின. சிறிது நேரத்தில் இருவருமே தூங்கிப்போகும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அவரை விழித்திருக்கச் சொல்வது நர்சுக்கு ஒரு வேலையாயிற்று.

எண்ணாகமம் 11:12இல் மோசே தேவனிடம் முறையிடும்போது, பால்குடிக்கும் குழந்தையை மார்பில் ஏந்திச் செல்லும் தகப்பனை உவமையாக்குகிறார். நாணற்பெட்டியில் கிடந்த அதே பிள்ளை, வயதான பின் பேசிய வார்த்தை அது. சுமக்கப்பட்டவர்களுக்கே சுமப்பதன் பாரம் தெரியும்.

5. தூரத்தில் நின்ற அக்காளும், பாலுக்குக் கிடைத்த கூலியும்

நாணற்பெட்டிக்கு என்ன நேரிடும் என்று அறிய அதன் அக்காள் தூரத்தில் நின்றாள். அவளால் நதியை நிறுத்த முடியாது, ஆயினும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோம்பையிலே அந்தச் சிறுமியும் அப்படியே. பள்ளிவிட்டு வந்ததும் போனில், "பாப்பா இன்னைக்கி எத்தன கிராம்?" என்று கேட்பாள். கேட்டதைக் கதவில் எழுதுவாள். எதிர்வீட்டு பாய் வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டே தம் நோன்பு நாளில் துவா செய்தார். பெருமாள் கோவிலுக்குப் போகும் பாட்டியும் நின்று வாசித்துவிட்டுத்தான் போவார். பதின்மூன்றாம் நாள் கதவில் மறுபடியும் 1320 என்று எழுதப்பட்டது. இழந்த எடை திரும்பியது.

அந்த எடைக்குக் காரணம் தாய்ப்பால். முதல் நாட்களில் ஒரு வேளைக்குச் சில சொட்டுகளே கிடைத்தன. இரவும் பகலும் மூன்று மணிக்கொருமுறை கையால் பீய்ச்சி, மூக்குவழிக் குழாயில் செலுத்தினார்கள். 34 வாரம் நெருங்கும்போதுதான் உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் குழந்தை இணைக்கக் கற்கிறது. அதுவரை நம் பாட்டிமார் அறிந்த சங்கைப் போன்ற பாலாடையால் புகட்டினார்கள்.

அப்பத்தாவுக்கு ஓர் ஏக்கம் இருந்தது. குடும்பத்துப் பெரியவர் குழந்தையின் நாவில் சீனித்தண்ணீர் தொட்டுவைக்கும் 'சேனை' வழக்கம் நிறைவேறவில்லையே என்பதுதான் அது. தொற்று ஏற்படும், பிஞ்சுக் குடல் தாங்காது என்று மருத்துவர் விளக்கினார். அப்பத்தாவின் அன்பை மறுக்காமல் அதற்கு வேறு வழி காட்டினோம். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, தாயின் பாலைப் பாலாடையில் முதலில் புகட்டியவர் அப்பத்தாவே. "இதுதான் நான் வச்ச சேனை" என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார்.

பார்வோனின் குமாரத்தி, பிள்ளையின் சொந்தத் தாய்க்கே பால் கொடுக்கக் கூலி தருவதாகச் சொன்னாள் என்று வாசிக்கிறோம். அயலாள் ஒருத்தியின் பணம், தாயையும் பிள்ளையையும் ஒன்றுசேர்த்தது. நம் மருத்துவமனையைத் தாங்குகிற அன்பர்கள் இந்த வசனத்தைத் தங்களுக்கு உரியதாக எடுத்துக்கொள்ளலாம். தாயின் உணவுக்கும் படுக்கைக்கும் நீங்கள் கொடுப்பது அந்தக் கூலியே.

6. பக்கத்துப் பெட்டி

இத்துடன் நிறுத்தினால் இந்தப் பாடம் பொய்யாகிவிடும். அதே வாரத்தில் பக்கத்துப் பெட்டியில் இருந்த குழந்தை இறந்தது. அந்தத் தாயும் ஜெபித்தாள். அதே நர்சுகள்தாம் பார்த்தார்கள்.

என் ஊழியத்தின் ஆரம்ப நாட்களில், வேறோர் ஊரில், ஒரு தாயிடம், "பயப்படாதே, உன் பிள்ளை நிச்சயம் பிழைக்கும்" என்று ஆண்டவரின் பெயரால் வாக்குக் கொடுத்தேன். இரண்டாம் நாள் பிள்ளை இறந்தது. அந்தத் தாய் என்னைக் கோபிக்கவில்லை. "ஐயா, நான் சரியா நம்பலையோ?" என்றுதான் கேட்டாள். என் வாக்கு அவள் துக்கத்தின்மேல் குற்றவுணர்வையும் ஏற்றிவிட்டது. ஆண்டவர் எனக்குக் கொடுக்காத வார்த்தையை அவர் பெயரால் பேசியதற்காக இன்றும் மனஸ்தாபப்படுகிறேன். அதற்குப் பிறகு எந்தக் கட்டிலருகிலும் அப்படிப் பேசியதில்லை.

2 சாமுவேல் 12இல் தாவீது ஏழு நாள் உபவாசித்து மன்றாடியும் பிள்ளை இறந்தது. அவன் எழுந்து, குளித்து, தேவாலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, பின்பு சாப்பிட்டான். அந்தப் பகுதியில் தாவீதின் பாவம் பேசப்படுகிறது. அதைக் கொண்டு நம் தாய்மார்களை நியாயந்தீர்க்கலாகாது. பிறவிக்குருடனைக் குறித்து, இவனும் பாவம் செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்ற பொருளில் ஆண்டவர் யோவான் 9இல் பேசியிருக்கிறார். நாம் தாவீதிடம் கற்க வேண்டியது ஒன்றே. வேண்டிக்கொண்டபடி கிடைக்காதபோதும் அவன் தேவனுடைய சமுகத்துக்குத்தான் போனான்.

அன்று கோம்பைத் தாய், தன் பிள்ளையை அம்மாச்சியிடம் கொடுத்துவிட்டு, அந்த மற்றத் தாயின் அருகே போய் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். அன்று நான் செய்யக்கூடிய ஊழியத்தை அவர் செய்து முடித்திருந்தார்.

7. வீடு

41ஆம் நாள், 1810 கிராம் எடையோடு குழந்தை வீடு திரும்பியது. அதற்குமுன் கண் விழித்திரைப் பரிசோதனை செய்யப்பட்டது. குறைமாதத்தில் பிறந்த எடை குறைந்த குழந்தைகளுக்கு 30 நாட்களுக்குள் இது அவசியம். தவறினால் பார்வையே போகக்கூடும். பால் குடிக்க மறுத்தாலோ, கைகால் சில்லிட்டாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, உள்ளங்கை பாதம்வரை மஞ்சள் படர்ந்தாலோ, வலிப்புக் கண்டாலோ தாமதிக்காமல் வர வேண்டும் என்று தகப்பனும் தாயும் அப்பத்தாவும் ஒப்பித்துக் காட்டினார்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் இல்லை என்பதையும்.

ஒரு மாதம் கழித்துக் கோம்பைக்குப் போனேன். அப்பத்தா காப்பி கொடுத்தார். கதவில் எண்கள் அழிக்கப்படாமல் இருந்தன. கடைசியாக எழுதப்பட்டிருந்தது 2600.

சிந்திக்க:

1. நம் குடும்பத்தில் நோய் வந்தபோது, ஜெபத்தையும் மருத்துவத்தையும் எதிரெதிராக வைத்ததுண்டா? மோசேயின் தாய் நமக்கு என்ன கற்பிக்கிறாள்?

2. 'ஆண்டவர் சித்தம்' என்று நாம் சொல்லும்போது, நம் பொறுப்பிலிருந்து தப்பிக்க முயல்கிறோமா?

3. பிள்ளையை இழந்த ஒரு தாய் நம் சபையில் இருந்தால், அவரிடம் எதைச் சொல்லாமல் இருக்க வேண்டும்?

4. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காளைப்போல, நம் தெருவில் யாருக்காக நாம் அக்கறையோடு விசாரிக்கலாம்?

ஜெபிக்க: இரவெல்லாம் விழித்திருந்து பச்சிளங்குழந்தைகளின் மூச்சை எண்ணும் நர்சுகளுக்காகவும், வெறுங்கையோடு வீடு திரும்பிய தாய்மார்களுக்காகவும், இந்நேரம் பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும் தகப்பன்மாருக்காகவும் ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனைப் போதகர்